இடதுபக்க ஸ்பீக்கர்

"இன்னிக்கும் அதேதான், சார். பாட்டு ஆரம்பிச்சு ஒரு நிமிஷம் ஆகல, மூஞ்சியைச் சுளிக்கிறாரு. இடது கையைத் தூக்கி இடதுபக்க ஸ்பீக்கரைக் காட்டுறாரு."

போனின் மறுமுனையில் இருந்தவர் பெர்மூதெஸ். புவெனஸ் அயர்ஸில், கொரியெந்தெஸ் தெரு வணிக வளாகம் ஒன்றின் அடித்தளத்தில் ஒலிக்கருவிக் கடை வைத்திருப்பவர். வாடிக்கையாளரின் வேதனையை முழுதாகக் கேட்கும் பொறுமை அவருக்கு உண்டு. கேட்டு முடித்ததும் எதையாவது விற்றுவிடுவார்.

"உங்க அப்பாவுக்குக் காது இருக்கு, லிசாந்த்ரோ. நீங்க போன்லேருந்து ப்ளூடூத்ல அனுப்புறீங்க. அது பாட்டைப் பிழிஞ்சு எடுத்துட்டு சக்கையை அனுப்புது. ரேடியோ காலத்து மனுஷன் சக்கையை ஏத்துப்பாரா?"

"அப்போ என்ன பண்ணலாம்?"

"ஒரு சின்னப் பெட்டி இருக்கு. பாட்டை நேரா இன்டர்நெட்லேருந்து எடுத்து, வயர் வழியா ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். நாளைக்கு வாங்க."

லிசாந்த்ரோ போனான். போகாமல் இருக்கும் நிலையில் அவன் இல்லை.

அந்த ஊருக்கு ஜனவரிதான் கோடை. அந்த வெயிலில் ஒரு காலை, செருப்பு மாட்டக் குனிந்த அவன் அப்பா எவாரிஸ்தோ நிமிரவே இல்லை. பக்கவாதம். உயிர் தப்பியது, வலது கையும் காலும் பேச்சும் தப்பவில்லை. துறைமுகச் சுங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவர், முதலிலிருந்தே அதிகம் பேசாதவர். அவருக்குப் பேச்சு போனது வீட்டுக்குத் தெரிய இரண்டு நாள் ஆனது என்று அக்கா கிரிசெல்தா சொல்வாள். சிரிக்காமல்தான் சொல்வாள்.

காப்பீட்டு அலுவலகம் ஆறு மாதத்துக்கு வீட்டுக்கே ஒரு பேச்சுப் பயிற்சியாளரை அனுப்பியது. அது ஜூலையோடு முடிகிறது. ஜூலை கடைசி வெள்ளிக்கிழமை ஒரு டாக்டர் வருவார். அப்பாவிடம் ஒரு வார்த்தை, ஒரு பதில், ஏதாவது முன்னேற்றம் தெரிந்தால் இன்னும் ஆறு மாதம் வீட்டிலேயே சிகிச்சை. தெரியாவிட்டால் நகரத்துக்கு வெளியே முதியோர் இல்லம்.

"ஒரு கட்டில் காலியா இருக்காம்டா," என்று கிரிசெல்தா ஏற்கெனவே விசாரித்துவிட்டு வந்திருந்தாள். "அது எப்படிக் காலியாச்சுன்னு நான் கேட்கல."

"அவர் எங்கேயும் போகமாட்டார், அக்கா."

"நீ ஆபீஸ் போயிடுவ. அவருக்கு டயப்பர் மாத்துற எனக்கு முதுகு போயிடுச்சு. ஸ்பீக்கரா மாத்தும்?"

பயிற்சியாளர்தான் யோசனை சொன்னார். அப்பாவுக்கு வாழ்க்கையில் எது ரொம்பப் பிடிக்குமோ அதைக் கொடுங்கள், சில பேருக்கு அதிலிருந்து வார்த்தை வந்துவிடும் என்றார். லிசாந்த்ரோ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அப்பாவுக்குப் பிடித்தது இசை.

தினமும் மாலை ஏழு மணிக்கு அப்பா சமையலறைக்குப் பின்னால் இருக்கும் வேலைக்காரி அறைக்குள் போய்த் தாழ்போட்டுக்கொள்வார். வேலைக்காரி வைத்துக்கொள்ளும் வசதி அந்த வீட்டுக்கு ஒருநாளும் இருந்ததில்லை. அறை மட்டும் இருந்தது. ஒன்பது மணிவரை உள்ளே ரேடியோவில் பழைய டாங்கோ இசைக்குழுக்கள் முழங்கும். யாரும் தொந்தரவு செய்யக் கூடாது. "எங்க வீட்டுக்காரர் ரசிகர்," என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்லிக்கொள்வாள்.

ஏழு வயது லிசாந்த்ரோ தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்து அந்தக் கதவில் முதுகைச் சாய்த்துக்கொள்வான். பந்தோனியோன் என்ற துருத்திப் பெட்டி அழுத்தி வாசிக்கப்படும்போது கதவுப் பலகை அதிர்ந்து முதுகெலும்பில் ஏறும். அந்தப் பக்கம் அப்பா, இந்தப் பக்கம் அவன், நடுவில் பாட்டு. அப்பா தன்னைத் தூக்கியதாகவோ தலையைத் தடவியதாகவோ அவனுக்கு நினைவே இல்லை. ஆனால் தினமும் இரண்டு மணி நேரம் இருவரும் சேர்ந்து பாட்டுக் கேட்டார்கள். எத்தனை அப்பாக்கள் பிள்ளைகளுக்கு அவ்வளவு கொடுக்கிறார்கள் என்று அவன் தன் மனைவியிடம் கேட்டிருக்கிறான். அவள் பிறகு விட்டுப் போய்விட்டாள். அதற்கும் ஸ்பீக்கர்களுக்கும் சம்பந்தமில்லை என்பது அவன் கட்சி.

ஆகவே அப்பாவை ஏற்கெனவே அதே அறைக்கு மாற்றியிருந்தான். இப்போது பாட்டு கேட்கும் செயலியில் இருப்பதிலேயே உயர்ந்த ரகச் சந்தாவுக்கு மாறினான். பெர்மூதெஸின் பெட்டியை மாட்டினான். இரண்டு ஸ்பீக்கர்களையும் சுவரோரம் நிறுத்தி, அளவு நாடாவால் அளந்து, அப்பாவின் சக்கர நாற்காலியை நட்டநடுவில் வைத்தான். ஏழு மணிக்குப் பாட்டு ஆரம்பித்தது.

அப்பா முகத்தைச் சுளித்தார். இடது கையைத் தூக்கினார்.

"இடதுபக்கமா? அங்க என்னப்பா? கரகரங்குதா?"

அப்பா அந்தப் பக்கமே பார்த்தார்.

"பெட்டி நல்லதுதான்," என்றார் பெர்மூதெஸ் மறுநாள். "ஆனா உங்க வீட்டு வைஃபை நாலு சுவரைத் தாண்டி வருது. வர்ற வழியில பாட்டு பாதி செத்துடும். கேபிள் இழுங்க."

லிசாந்த்ரோ கேபிள் இழுத்தான். வரவேற்பறையிலிருந்து தாழ்வாரம் வழியாகச் சமையலறையைத் தாண்டி அது ஓடியது. செவ்வாய்க்கிழமை வந்த கிரிசெல்தா, அப்பாவுக்கு எடுத்துப் போன சூப்புடன் அதில் தடுக்கி விழுந்தாள். முழங்கால் வீங்கியது.

"என்னையும் இன்னொரு நாற்காலியில உக்கார வச்சிடு," என்றாள் தரையில் இருந்தபடியே. "வலதுபக்க ஸ்பீக்கருக்கு ஒரு ஆள் வேணுமில்ல."

கேபிள் வந்த பிறகு பாட்டு தெளிவாகத்தான் இருந்தது. அந்தத் தெளிவில் இதுவரை கேட்காத ஓர் உறுமல் கேட்டது. அப்பா இடது கையைத் தூக்கினார்.

"உறுமுதா? அது ஃபிரிஜ்," என்றார் பெர்மூதெஸ். "ரெண்டும் ஒரே மின்சார லைன். பாட்டு நேரத்துல ஃபிரிஜ்ஜை அணைச்சிடுங்க."

லிசாந்த்ரோ அணைத்தான். திரும்பப் போட மறந்தான். ஒரு வாரத்துக்குச் செய்து வைத்திருந்த பருப்புக் குழம்பும், அப்பாவுக்காகக் கூழாக அரைத்த கோழியும் கெட்டுப்போய் வீடே நாறியது. இரண்டு நாள் அப்பாவும் பிள்ளையும் பாலில் ஊறிய பிஸ்கட் சாப்பிட்டார்கள். உறுமல் அப்படியே இருந்தது.

"அப்போ எர்த் இல்ல," என்றார் பெர்மூதெஸ். குரலில் துக்க வீட்டுக்கு வந்தவரின் கனிவு இருந்தது. "பழைய கட்டடம். ஒரு கம்பியை மண்ணுல இறக்கணும்."

ஆறாவது மாடியில் மண்ணுக்கு எங்கே போவது? லிசாந்த்ரோ கொஞ்சம் யோசித்து, ஒரு பச்சைக் கம்பியைக் குளியலறைத் தண்ணீர்க் குழாயில் இறுக்கிக் கட்டினான். குழாய் எப்படியும் மண்ணுக்குத்தானே போகிறது. நோட்டரி அலுவலகத்தில் எழுத்தராக இருந்த அவனுக்கு அதற்குமேல் மின்சாரம் தெரிய வேண்டிய அவசியம் இதுவரை வந்ததில்லை.

உறுமல் நின்றது. லிசாந்த்ரோவுக்குக் கண் கலங்கிவிட்டது. அதே சமயம் ஐந்தாவது மாடியில் குளிக்கப் போன விதவை இராவோலா அம்மாள் குழாயைத் திறந்து, முழங்கை வரை சுரீரென்று வாங்கி, துண்டோடு வெளியே ஓடிவந்தார்.

மறுநாள் கட்டட நிர்வாகத்தின் கடிதத்தை எடுத்துக்கொண்டு வாசல் காவலும் பராமரிப்பும் பார்க்கும் போர்ட்டர் வென்செஸ்லாவ் மேலே வந்தார். தரைத்தளத்தில் மனைவியோடு குடியிருப்பவர். அந்தக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்து நாற்பது வருடத்துக்கு மேலாகிறது. கடிதத்தைக் கொடுத்துவிட்டுத் தொப்பியைக் கையில் சுருட்டியபடி நின்றார்.

"தம்பி, அப்பாவை ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போகட்டுமா? ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததுலேருந்து பார்க்கவே இல்ல. ரெண்டு தடவை கேட்டேன்."

"இது அவரோட பாட்டு நேரம், அண்ணே. ஏழுலேருந்து ஒன்பது. உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும் தம்பி," என்றார் வென்செஸ்லாவ். "அதனாலதான் இந்த நேரத்துக்கு வந்தேன்."

"இன்னொரு நாள் வாங்க. தொந்தரவு பண்ணினா அவருக்குப் பிடிக்காது."

போர்ட்டர் எதையோ சொல்ல வாயெடுத்தார். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் வாயெடுப்பதற்காக அவருக்குச் சம்பளம் தரப்படவில்லை. இறங்கிப் போனார்.

கம்பியை அவிழ்த்தாயிற்று. உறுமல் திரும்ப வந்துவிட்டது. வெள்ளிக்கிழமைக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பெர்மூதெஸ் பெரிய மனது பண்ணி, கடையில் காட்சிக்கு வைத்திருந்த பழைய பெரிய ஆம்ப்ளிஃபயர் ஒன்றைத் தவணையில் கொடுத்தார். அதைத் தூக்கி வைக்கவே இரண்டு ஆள் வேண்டியிருந்தது.

அந்த ராட்சதனைப் போட்டதும் சின்ன அறை கிடுகிடுத்தது. அப்பா இப்போது கையைத் தூக்குவதோடு நிற்கவில்லை. நல்லதாக இருந்த இடது கையால் நாற்காலிச் சக்கரத்தைப் பிடித்து, விரற்கடை விரற்கடையாக இடதுபக்கம் நகர ஆரம்பித்தார். ஒன்பது மணிக்குள் ஒரு முழம் வந்திருப்பார்.

"நகரக் கூடாதுப்பா. இங்க இருந்தாத்தான் ரெண்டு பக்கமும் சமமா கேட்கும்," என்று லிசாந்த்ரோ நாற்காலியை இழுத்து நடுவில் வைத்தான். மறுநாளும் நகர்ந்தார். மூன்றாம் நாள் சக்கரங்களுக்கு அடியில் கட்டை வைத்துவிட்டான்.

"சார், அவர் இடதுபக்கத்தை விடமாட்டேங்குறாரு," என்றான் போனில்.

"இடதுபக்கம் ஸ்பீக்கருக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல. பின்படிக்கட்டுக்குப் போற கதவு. முன்னெல்லாம் அது வழியா குப்பை எடுக்க வருவாங்க. இப்போ யாரும் திறக்குறதில்ல."

"கதவா?" பெர்மூதெஸ் உச்சுக்கொட்டினார். "அட பாவமே. இதை முதல்லேயே சொல்லியிருக்கலாமே. பழைய மரக்கதவு பாட்டோட சேர்ந்து அதிரும். இடுக்கு வழியா சத்தம் ஓடிப்போயிடும். மனுஷன் இத்தனை நாளா கையை நீட்டி அதைத்தானே சொல்லிக்கிட்டிருக்காரு. அடைச்சிடுங்க."

லிசாந்த்ரோவுக்குப் பொறி தட்டியது. அப்பாவின் காது எப்பேர்ப்பட்ட காது என்று நினைத்து நெகிழ்ந்துபோனான். இடுக்குகளில் கம்பளி திணித்தான். மேலே பஞ்சுப் பலகைகள் ஒட்டினான். அதற்கும் முன்னால் அம்மாவின் புத்தக அலமாரியை இழுத்து நிறுத்தினான். இதை எல்லாம் அப்பாவின் கண்ணெதிரே, அவருக்கு விளக்கிச் சொல்லிக்கொண்டே செய்தான்.

அன்று மாலை பாட்டு ஆரம்பித்ததும் எவாரிஸ்தோ கையைத் தூக்கவில்லை. அலமாரியைப் பார்த்தார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து, கோணிய வாயோரம் இறங்கியது.

"அக்கா, வந்து பாரு. அழறாரு. கடைசியில சத்தம் சரியாயிடுச்சு."

கிரிசெல்தா வீங்கிய முழங்காலோடு வந்து நின்று அப்பாவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அம்மாவோட சவப்பெட்டியை மூடினப்பகூட இப்படி அழலடா இவர்," என்றாள். "இது வேற ஏதோ."

"இசை அக்கா. இசை."

கிரிசெல்தாவுக்கு இசையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அப்பாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கு டாக்டர் சால்தீவார் வந்தார். அந்த ஏழு மணிக்காக லிசாந்த்ரோ காப்பீட்டு அலுவலகத்தின் போனில் மூன்று நாள் காத்துக் கிடந்திருந்தான். சால்தீவார் களைத்துப்போன நடுத்தர வயதுப் பெண். அன்று அது அவருக்கு ஒன்பதாவது வீடு. கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தார்.

"பேசுறாரா?"

"இப்போ பேசுவாரு டாக்டர். பாட்டு போட்டதும் பாருங்க."

"சக்கரத்துக்கு எதுக்குக் கட்டை?"

"சரியான இடத்துல இருக்கணும்னு."

டாக்டர் எதையோ குறித்துக்கொண்டார். லிசாந்த்ரோவுக்கு அது பிடிக்கவில்லை. அப்பா எதிரே குனிந்து, சட்டைக் காலரைச் சரிசெய்தான். அந்தக் காகிதத்தில் இன்று விழும் எழுத்துதான் அப்பா எங்கே சாகப் போகிறார் என்பதைச் சொல்லும். அப்பா ஒரே ஒரு வார்த்தை, அதுவும் தன்னிடம் சொன்னால் போதும் என்று இருந்தது அவனுக்கு. வைவதாக இருந்தாலும் பரவாயில்லை.

பாட்டு ஆரம்பித்தது. உண்மையிலேயே அற்புதமாக ஒலித்தது. வில் கம்பியைத் தொடும் சத்தம், பந்தோனியோன் மூச்சு வாங்கும் சத்தம் எல்லாம் அறைக்குள்ளேயே கேட்டது. எண்பது வருடத்துக்கு முன்னால் வாசித்து, எப்போதோ செத்துப்போனவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து வாசித்துவிட்டுப் போனார்கள்.

எவாரிஸ்தோ அலமாரியைப் பார்த்தார். தொண்டையிலிருந்து ஓர் அனத்தல் வந்தது. இடது கையால் நாற்காலியைப் பிடித்து எழப் பார்த்தார். உடம்பு சரிந்தது. கிரிசெல்தா ஓடிவந்து தாங்கினாள்.

"நிறுத்துடா. மனுஷனைக் கொல்லாதே."

"எழுந்திரிக்கிறாரு அக்கா. ஆறு மாசத்துல முதல் தடவையா எழுந்திரிக்கிறாரு."

"இது வலிப்பு மாதிரியும் தெரியுது," என்றார் டாக்டர். "ஜூலைக் குளிர் தாங்கல இங்க. முதல்ல அவரைச் சூடா வைங்க."

கிரிசெல்தா மின்சார ஹீட்டரை இழுத்து வந்து சுவரில் செருகினாள். ஆம்ப்ளிஃபயர் ஒரு தடவை விக்கியது. பிறகு பாட்டு, விளக்கு, ஹீட்டர், தாழ்வாரம், ஆறாவது மாடி முழுவதும் ஒரே சமயத்தில் அணைந்தது.

இருட்டில் டாக்டர் தன் செல்போன் வெளிச்சத்தில் பேனாவைத் தேடி எடுத்து, "எனக்குப் போதும். நான் பார்த்ததை எழுதிடுறேன்," என்றார்.

"இன்னொரு பாட்டு டாக்டர். அஞ்சு நிமிஷம். ஃபியூஸ்தான்."

"எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்கு, ஐயா."

அவர் எழுதி முடிக்கும் நேரத்தில் அலமாரிக்குப் பின்னால் யாரோ தட்டினார்கள்.

"தம்பி, நான்தான் வென்செஸ்லாவ். உங்க லைன்தான் போயிருக்கு. ஃபியூஸ் பெட்டி இந்தப் படிக்கட்டுலதான். அப்படியே உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன். திறங்க."

லிசாந்த்ரோ அலமாரியைத் தள்ளினான். பஞ்சுப் பலகைகளைப் பிய்த்தான். கம்பளியை உருவினான். கதவு முனகிக்கொண்டு திறந்தது. கையில் விளக்கோடு போர்ட்டர் நின்றார். பின்படிக்கட்டின் குளிர்ந்த காற்று உள்ளே வந்தது.

"தண்ணி..." என்றது ஒரு குரல்.

எல்லோரும் திரும்பினார்கள். எவாரிஸ்தோ முகத்தில் பாதிதான் அசைந்தது. அந்தப் பாதி சிரித்தது.

"தண்ணி வச்சாச்சா?"

வென்செஸ்லாவ் விளக்கைத் தரையில் வைத்துவிட்டு நாற்காலி அருகே மண்டியிட்டு அந்த இடது கையைப் பிடித்துக்கொண்டார்.

"வச்சாச்சு, எவாரிஸ்தோ ஐயா. ஆறு மாசமா தினமும் ஏழு மணிக்கு மாத்தே டீக்குத் தண்ணி வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நேரமாயிடுச்சு," என்றார் எவாரிஸ்தோ, தெளிவாக.

டாக்டர் முன்பு எழுதியதை அடித்துவிட்டுப் புதிதாக எழுதினார். "பேச்சு வந்திருக்கு. ஆளை அடையாளம் தெரியுது. சம்பந்தமாத்தான் பேசுறாரு. இன்னும் ஆறு மாசம் வீட்டுலேயே பார்த்துக்கலாம்." கிரிசெல்தா கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டாள். லிசாந்த்ரோ சிரிக்கிறானா அழுகிறானா என்று அவனுக்கே தெரியவில்லை.

"நான்தான் சொன்னேனே டாக்டர், இசைதான்னு. அப்பா, நான் லிசாந்த்ரோ. பாட்டு எப்படிப்பா இருந்துச்சு?"

அப்பா அவனைத் தாண்டிப் படிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாட்டா?" வென்செஸ்லாவ் சங்கடத்தோடு டாக்டரைப் பார்த்தார். "இவருக்குப் பாட்டுன்னாலே ஆகாதும்மா. என் சம்சாரம் முணுமுணுத்தாக்கூட எழுந்து போயிடுவாரு. தினமும் இந்த ரூமைத் தாழ்போட்டுட்டு, ரேடியோவை வச்சிட்டு, இந்தக் கதவு வழியா கீழ எங்க சமையலறைக்கு இறங்கி வந்துடுவாரு. ரெண்டு மணி நேரம் மாத்தே குடிச்சிக்கிட்டு ஒரு வார்த்தை பேசாம உக்காந்திருப்பாரு."

"தினமுமா?" என்றான் லிசாந்த்ரோ.

"தினமும்தான் தம்பி. நாற்பது வருஷம்."

"அப்போ நான் இந்தப் பக்கம், தாழ்வாரத்துல, கதவுல சாஞ்சு உக்காந்திருப்பேன்."

"அவருக்குத் தெரியும் தம்பி," என்றார் வென்செஸ்லாவ். "அதனாலதான் ரேடியோவை அணைக்காம வருவாரு. சத்தம் நின்னா பையன் கதவைத் தட்டுவான்னு சொல்வாரு."